மில்லரின் குடுவையும் சேலத்துக் கற்களும்

"பூமியின் ஆதி வளிமண்டலத்தில் இருந்த வாயுக்கள் யாவை?" இந்தக் கேள்விக்குக் கைடுகளில் பெரும்பாலும் ஒரே விடைதான் இருக்கும்: மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் நானும் அதைத்தான் எழுதச் சொல்கிறேன். மார்க் வேண்டுமே. ஆனால் பழங்காலப் பாறைகளை ஆராய்கிறவர்களிடம் இந்த விடையைக் கொண்டுபோனால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எழுபது வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஊகமாக எடுத்துக்கொண்ட பட்டியல், யாரோ நேரில் அளந்து பார்த்த மாதிரி பாடத்தில் உட்கார்ந்துவிட்டது.

சேலத்தில் இருந்துகொண்டு இதைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. ஆதிக்காற்றின் கதையில் சாட்சி சொல்லக்கூடிய கற்கள் இந்த ஊரைச் சுற்றியே கிடக்கின்றன. வடக்கே சேர்வராயன் மலை, அதன் கீழே வெள்ளைக்கல் சுரங்கங்கள், மேற்குப் பக்கம் கஞ்சமலை. மூன்றும் மூன்று விதமான சாட்சிகள். சொல்வதும் வேறு வேறு.

முதலில் அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் யூரியிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஸ்டான்லி மில்லர், 1953-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கண்ணாடிக் குடுவைக்குள் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி. அதில் மின்னலுக்குப் பதிலாக மின்பொறி. சில நாட்களில் தண்ணீர் நிறம் மாறி, அதில் கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்கள் வந்திருந்தன. அருமையான சோதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குடுவைக்குள் எந்த வாயுவைப் போடுவது என்பதை எந்தக் கல்லும் மில்லருக்குச் சொல்லவில்லை. பிரபஞ்சத்தில் அதிகம் இருப்பது ஹைட்ரஜன், வியாழனிலும் சனியிலும் மீத்தேனும் அம்மோனியாவும் இருக்கின்றன, ஆகவே குழந்தைப் பருவத்துப் பூமியிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்பது யூரியின் வாதம். ரஷ்யாவில் ஓபரின் 1924-லேயே இந்தத் திசையில் யோசித்திருந்தார். 1929-இல் இங்கிலாந்தில் ஹால்டேன் எழுதியபோது அவருடைய கலவையில் கார்பன் டை ஆக்சைடு இருந்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். (இதே ஹால்டேன்தான் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, குடியுரிமையும் வாங்கி, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானவர். நம் பாடப் புத்தகங்கள் இதையாவது ஒரு வரி சொல்லலாம்.)

இன்னொரு விஷயம். மில்லருக்கு இரண்டு வருடம் முன்னால், 1951-இல், அமெரிக்கப் புவியியலாளர் வில்லியம் ரூபி வேறு கணக்கு ஒன்றைப் போட்டார். கடல் நீரும் காற்றும் பூமியின் வயிற்றுக்குள்ளிருந்து, எரிமலை வழியாக வந்தவை என்றால், எரிமலை எதை வெளியிடுகிறதோ அதுதானே காற்றாக இருந்திருக்கும்? எரிமலை வெளியிடுவதில் பெரும்பகுதி நீராவி. அடுத்தது கார்பன் டை ஆக்சைடு. அப்புறம் கந்தக வாயுக்கள், கொஞ்சம் நைட்ரஜன். மீத்தேனும் அம்மோனியாவும் சொற்பம். இந்தக் கணக்கு சாதாரணமாக இருந்ததால் புகழ் பெறவில்லை. மின்பொறி தெறிக்கும் குடுவைப் படம் புத்தகத்தில் போட நன்றாக இருந்தது.

பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. தொடக்கத்தில் ஹைட்ரஜனும் ஹீலியமும் கொண்ட மெல்லிய போர்வை ஒன்று இருந்திருந்தாலும், அது நிலைக்கவில்லை. அவ்வளவு இலேசான வாயுக்களைப் பிடித்துவைக்கப் பூமியின் ஈர்ப்பு போதாது. நிலா உருவாகக் காரணமான பெருமோதல் நடந்தபோது பாறையே ஆவியாகிக் காற்றாக நின்றது என்கிறார்கள். ஆயிரம் ஆண்டு அளவில் அந்தப் பாறை ஆவி குளிர்ந்து மழையாக விழுந்தபின், நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் மிஞ்சின. கீழே உருகிய பாறைக் கடல், மேலே நீராவி. அது குளிர்ந்து தண்ணீராக இறங்கியதற்குச் சாட்சி ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கான் என்ற கனிமத்தின் மணிகள். மணல் துகள் அளவுதான் இருக்கும், வயது 440 கோடி ஆண்டு வரை போகிறது. அவற்றின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணுக்கள்) பார்த்து, அந்தக் காலத்திலேயே திரவ நீர் இருந்தது என்று 2001-இல் சொன்னார்கள்.

அதே சிர்கான்களை வைத்து 2011-இல் இன்னொரு வேலை செய்தார்கள். என்னைப் பொறுத்தவரை மில்லரின் பட்டியலை முடித்துவைத்தது அதுதான். சீரியம் என்ற தனிமத்துக்கு இரண்டு நிலைகள் உண்டு. நான்கு மின்னூட்டம் கொண்ட சீரியம் சிர்கான் படிகத்துக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். மூன்று மின்னூட்டம் கொண்ட சீரியத்தால் அப்படிப் புக முடியாது. பாறைக்குழம்பு எவ்வளவு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறதோ அவ்வளவுக்கு நான்கு மின்னூட்டச் சீரியம் கூடும், ஆகவே சிர்கானிலும் சீரியம் கூடும். அளந்து பார்த்தபோது 435 கோடி ஆண்டு முந்தைய குழம்பும் இன்றைய எரிமலைக் குழம்பும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அப்படியென்றால் அன்றைய எரிமலையும் இன்று விடுவதைத்தான் விட்டிருக்கும்: நீராவி, கார்பன் டை ஆக்சைடு, சல்பர் டை ஆக்சைடு. ரூபி சொன்னது சரி.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். சாலைக்காக வெட்டிய பாறையைப் பார்ப்பவர்கள் குறைவு. வெளிப்புறம் பழுப்பாக, துருப்பிடித்த மாதிரி இருக்கும். புதிதாக உடைந்த இடத்தில் மட்டும் நீலம் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு. நம் ஆட்களுக்கு அது கருங்கல், உடைத்தால் ஜல்லி. புவியியலில் சார்னகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் சமாதிக்கல் இந்த வகைப் பாறை என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. சேர்வராயன் மலையின் பெரும்பகுதி இதுதான், வயது சுமார் 250 கோடி ஆண்டு. இந்தக் கல் உருவானது இங்கே, இந்த உயரத்தில் அல்ல. தரைக்குக் கீழே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான சூட்டில். மேலே இருந்த பாறையெல்லாம் அரித்துப் போனபின்தான் இது வெளியே வந்தது. நாம் காபி குடித்துக்கொண்டு போட்டோ எடுப்பது ஒரு பழைய மலைத்தொடரின் அடிவயிற்றில் நின்றுகொண்டு.

இந்தக் கல்லை மெல்லிய தகடாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், குவார்ட்ஸ் மணிகளுக்குள் மிகச்சிறு குமிழ்கள் தெரியும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. அவற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. எப்படித் தெரியும் என்றால், கண்டுபிடிக்கும் முறை ரொம்ப அழகானது. தகட்டை நுண்ணோக்கிக்கு அடியிலேயே குளிரவைத்துக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் குமிழுக்குள் இருப்பது உறைந்துவிடும். பிறகு மெதுவாகச் சூடேற்றுவார்கள். சுத்தமான கார்பன் டை ஆக்சைடு என்றால் சரியாக மைனஸ் 56.6 டிகிரியில் உருகும். மீத்தேனோ நைட்ரஜனோ கலந்திருந்தால் அதற்கும் கீழான வெப்பநிலையிலேயே உருகத் தொடங்கும். கல்லை உடைக்காமல், ஒரு சொட்டு ரசாயனம் சேர்க்காமல், உள்ளே இருப்பது எது என்று சொல்லிவிடலாம். நார்வேயின் இதே வகைப் பாறைகளில் ழாக் துரே 1971-இல் இதைக் காட்டினார். தென்னிந்தியாவில் 1970-களின் கடைசியிலும் 80-களிலும் ஜனார்த்தன், நியூட்டன் முதலானவர்கள் கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் ஆரம்பித்து, தருமபுரி சேலம் வரைக்கும் உள்ள பாறைகளை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தார்கள். ஆழத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு மேலே ஊறி வந்து, பாறையிலிருந்த நீரை வெளியேற்றி, நைஸ் (gneiss) என்ற சாதாரணப் பட்டைப் பாறையைச் சார்னகைட்டாக மாற்றியது என்பது அவர்கள் வாதம். எல்லாச் சார்னகைட்டும் அப்படி வரவில்லை, சில நேரடியாகக் குழம்பிலிருந்தே உறைந்தவை என்று எதிர்வாதமும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

இதில் ஜாக்கிரதை வேண்டும். அந்தக் குமிழுக்குள் இருப்பது ஆதிக்காற்று அல்ல. அது தரைக்கு மேலே வரவே இல்லை. வழியிலேயே மாட்டிக்கொண்டது. ஆனாலும் அந்தக் காலத்துப் பூமி தன் வயிற்றுக்குள் எந்த வாயுவை வைத்திருந்தது, எதை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது என்பதற்கு இது நேர்ச்சாட்சி. அதில் முதலிடம் மீத்தேனுக்கும் அம்மோனியாவுக்கும் இல்லை.

அப்படியானால் அடுத்த கேள்வி: இத்தனை கார்பன் டை ஆக்சைடு வெளியே வந்திருந்தால் அது எங்கே போயிற்று? இன்றைய காற்றில் அது 0.04 சதவீதம்தான். பக்கத்து வீட்டுக் கிரகமான வெள்ளியில் 96 சதவீதத்துக்கும் மேல், அழுத்தம் நம்முடையதைப் போல 90 மடங்குக்கும் அதிகம். வெள்ளியும் பூமியும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே மாதிரிச் சரக்கிலிருந்து உருவானவை. தொடக்கத்தில் பூமியின் காற்றிலும் நூறு மடங்கு அழுத்தம் தரும் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு இருந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அது தப்பித்து விண்வெளிக்கு ஓடிவிடவில்லை. கல்லாகிவிட்டது.

கல்லாவது என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமானால் ஏற்காட்டின் லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்க்கலாம். நகரத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று திட்டுத்திட்டாகத் தெரிவதுதான் வெள்ளைக்கல் சுரங்கங்கள். மாக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டி, மாமாங்கம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெள்ளைத் தூசியில்தான் அவர்கள் வளர்ந்தார்கள். டூனைட் என்ற கரும்பச்சைப் பாறை, அதில் நரம்பு நரம்பாக ஓடும் வெள்ளைக்கல். டூனைட்டில் இருப்பது முக்கால்வாசிக்கு மேல் ஆலிவின், அதாவது மெக்னீசியம் சிலிகேட். கார்பன் டை ஆக்சைடு கரைந்த தண்ணீர் அதன் வெடிப்புகளில் இறங்கும்போது மெக்னீசியம் கரைந்து, கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்கல்லாக உறைந்துவிடுகிறது. சிலிக்கா தனியே ஒதுங்குகிறது.

என் பெரியப்பா ஒருவர் வெள்ளைக்கல் சூளையில் வேலை பார்த்தவர். அவருக்கு ரசாயனம் எதுவும் தெரியாது, ஆனால் விஷயம் தெரியும்.

"ஒரு டன்னு கல்லு உள்ள போச்சுன்னா அரை டன்னுகூடத் திரும்பி வராது கண்ணு. மீதியெல்லாம் புகையோட போயிரும்."

"புகை இல்லீங்க பெரியப்பா, அது கார்பன் டை ஆக்சைடு."

"என்னவோ ஒண்ணு. எடை குறையுதா இல்லையா?"

குறைகிறது, மிகச் சரியாக. மாக்னசைட்டின் எடையில் 52 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ஒரு டன் சுத்தமான கல்லைச் சுட்டால் 478 கிலோ மெக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். அதுதான் இரும்பு ஆலை உலைகளுக்குள் பதிக்கும் செங்கல்லாகிறது. மீதி 522 கிலோ வாயு. நான் ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வாயு சாதாரண வெப்பநிலையில் 290 கனமீட்டர் இடம் பிடிக்கும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறைகள் பத்து நிறைந்துவிடும். அவ்வளவும் ஒரு கட்டில் அளவு இடத்தைக்கூட அடைக்காத கல்லுக்குள் இருந்தது. இந்தக் கணக்கைப் போட்டபின்புதான் 'நூறு மடங்கு அழுத்தமுள்ள காற்று கல்லாயிற்று' என்பது எனக்கு நம்பும்படியாக ஆனது. அதற்கு முன்னால் அது வெறும் வாக்கியம்.

இங்கேயும் ஒரு திருத்தம் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேலத்து வெள்ளைக்கல் ஆதிக்காற்றை நேரடியாகக் குடித்த கல் இல்லை. அது அதற்குப் பிறகு வெகுகாலம் கழித்து உருவானது. ஆனால் வேலை நடந்த விதம் அதேதான். ஆதிப்பூமியின் மேலோட்டில் இப்படி மெக்னீசியமும் இரும்பும் நிறைந்த கரும்பாறைகள்தான் அதிகம். ஆகவே காற்றைக் கல்லாக்கும் வேலை அன்று இன்னும் வேகமாக நடந்திருக்கும். பூமி முழுவதும் சுண்ணாம்புக்கல், டோலமைட், மாக்னசைட் என்று அடைந்து கிடக்கும் கார்பன் டை ஆக்சைடு அத்தனையும் ஒரே நாளில் வெளியே வந்தால் நாமும் கிட்டத்தட்ட வெள்ளிக் கிரகம்தான். ஐஸ்லாந்தில் இப்போது இதையே வேண்டுமென்றே செய்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் இறக்கினார்கள். இரண்டு வருடத்துக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என்று 2016-இல் அறிவித்தார்கள்.

சேர்வராயன் மலை உச்சியிலும் இந்தக் கதையின் இன்னொரு பக்கம் இருக்கிறது. மேலே போனால் செம்மண்ணும் பாக்சைட்டும். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஒரு காலத்தில் இங்கிருந்துதான் வெட்டிக்கொண்டு போனார்கள். பாக்சைட் என்பது மிச்சம். மழைநீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு இலேசான அமிலமாகிச் சார்னகைட்டை அரித்து, கால்சியம், சோடியம், மெக்னீசியம், சிலிக்கா எல்லாவற்றையும் ஆற்றோடு அனுப்பிவிட்டபின், போக மறுத்த அலுமினியமும் இரும்பும் நின்ற இடம் அது. அப்படிப் போன கால்சியம் கடலில் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகும். பூமி சூடானால் இந்த அரிப்பு வேகமெடுக்கும், காற்றிலிருந்து வாயு குறையும், குளிரும். குளிர்ந்தால் அரிப்பு மந்தமாகும், எரிமலை வாயு சேரும், சூடாகும். 1981-இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் இதைத் தெளிவாக எழுதினார்கள். இலட்சக்கணக்கான வருடங்களில் வேலை செய்யும் ஏற்பாடு இது. இந்த நூற்றாண்டு வெயிலுக்கு இதை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

சூரியனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பூமி பிறந்தபோது சூரியன் இன்றைய வெளிச்சத்தில் 70 சதவீதம்தான் கொடுத்தது. இன்றைய காற்றே அன்றும் இருந்திருந்தால் கடல் உறைந்திருக்கும். கல்லோ, தண்ணீர் ஓடியது என்கிறது. 1972-இல் கார்ல் சேகனும் ஜார்ஜ் முல்லனும் இந்த முரண்பாட்டை எடுத்துப் பேசியபோது அம்மோனியாவைக் கைகாட்டினார்கள், அது நல்ல வெப்பம் காக்கும் வாயு என்பதால். ஆனால் ஓசோன் இல்லாத வானத்தில் புற ஊதாக்கதிர் அம்மோனியாவைச் சீக்கிரமே உடைத்துப்போடும் என்று 1979-இல் கணக்குக் காட்டினார்கள். பட்டியலில் அம்மோனியாவின் கதை அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. மீத்தேன் வேறு வழியாக உள்ளே வருகிறது: உயிர் தோன்றியபின், மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வழியாக. 250 கோடி ஆண்டுக்கு முன்னால் வரைக்கும் காற்றில் மீத்தேன் இன்றைவிடப் பல மடங்கு இருந்திருக்கலாம், சில சமயம் சனியின் துணைக்கோள் டைட்டன் போல ஆரஞ்சு மூட்டமாகக்கூட வானம் இருந்திருக்கலாம். அதாவது கைடு விடையில் உள்ள மீத்தேன் முழுத் தவறு இல்லை, காலம்தான் மாறிவிட்டது. உயிர் தோன்றக் காரணம் என்று சொல்லப்பட்ட வாயு, பெருமளவில் உயிர் தோன்றியபின் வந்தது. இதைக் கேட்டு வகுப்பில் ஒரு பெண், "அப்ப மில்லர் பண்ணது வேஸ்ட்டா சார்?" என்றாள். இல்லை. 2008-இல், மில்லர் வைத்துவிட்டுப்போன பழைய குப்பிகளை இன்றைய கருவியில் மறுபடி பார்த்தபோது, எரிமலை நீராவி பீய்ச்சும் மாதிரியில் அவர் செய்திருந்த சோதனையில் இருபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் தெரிந்தன. கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் மட்டும் உள்ள காற்றிலும், தண்ணீரின் அமிலத்தன்மையைச் சரியாக வைத்துக்கொண்டால், அமினோ அமிலம் கொஞ்சம் வருகிறது என்று அதே வருடம் இன்னொரு சோதனை காட்டியது. வேதியியல் பிழைத்துக்கொண்டது, காற்றின் பட்டியல்தான் போயிற்று.

ஆக்சிஜன் இதுவரை கதையிலேயே வரவில்லை. அதற்குக் கஞ்சமலைக்குப் போக வேண்டும்.

அமாவாசைக்குச் சித்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் மலையடிவாரத்தில் மழை ஒதுக்கிய கருமணலைப் பார்த்திருப்பார்கள். ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். மாக்னடைட் என்ற இரும்புத் தாது. மலையில் அது குவார்ட்ஸோடு மாறி மாறிப் பட்டை பட்டையாக இருக்கிறது, கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இரும்பு. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தபோது தாது தேடி வந்தது சேலம் பக்கம்தான். அதற்கு எவ்வளவோ முன்னாலிருந்து நம் ஆட்கள் சிறு உலைகளில் இதை உருக்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இரும்பு கடலடியில் படிந்தது. வயது ஏறக்குறைய சேர்வராயன் மலைக்கு நிகர், 250 கோடி ஆண்டு அளவில். இன்றைய கடலில் இப்படிப் படியவே முடியாது, ஏனென்றால் இன்றைய கடல்நீரில் கரைந்த இரும்பு கிட்டத்தட்ட இல்லை. ஆக்சிஜன் பட்ட உடனே துருவாகி விழுந்துவிடும். கடல் முழுக்க இரும்பு கரைந்து நிற்க வேண்டுமென்றால் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கக் கூடாது. தண்ணீரில் இல்லையென்றால் மேலே காற்றிலும் பேச்சளவுக்குத்தான் இருந்திருக்கும். கரைந்த இரும்பு பிறகு எப்படித் துருவாகிப் படிந்தது என்பதற்கு இரண்டு பதில்கள் உண்டு. நீலப்பச்சைப் பாசி என்று நாம் படித்த சயனோபாக்டீரியா விட்ட ஆக்சிஜன் ஒன்று. ஆக்சிஜனே இல்லாமல், வெளிச்சத்தை வைத்து இரும்பை நேரடியாக ஆக்சிஜனேற்றம் செய்யும் நுண்ணுயிர்கள் இன்னொன்று. இரண்டும் நடந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கஞ்சமலைக் கல் பின்னால் ஆழத்தில் வெந்து மறுபடி படிகமாகிவிட்டதால், அந்த நுணுக்கமெல்லாம் அதில் அழிந்துவிட்டது. ஆனால் இத்தனை இரும்பு கரைந்து வந்து சேர்ந்தது என்பதை அதனால் மறைக்க முடியவில்லை.

ஆக்சிஜன் எவ்வளவு குறைவு என்பதைக் கந்தகம் சொன்னது. 2000-ஆம் ஆண்டில் ஃபார்கர், பாவோ, தீமென்ஸ் மூவரும் பழைய பாறைகளில் கந்தகத்தின் ஐசோடோப்புகளை அளந்தார்கள். வழக்கமாக ஐசோடோப்புகள் எடைக்குத் தக்கபடி ஓர் ஒழுங்கில் பிரியும். சுமார் 240 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறைகளில் மட்டும் அந்த ஒழுங்கு மீறியிருந்தது. ஓசோன் இல்லாத காற்றில் சல்பர் டை ஆக்சைடு மேல் நேரடியாகப் புற ஊதாக்கதிர் படும்போது இப்படி நடக்கும். அதோடு, அந்த அடையாளம் தரைக்கு வந்து சேரும்வரை அழியாமல் இருக்க வேண்டுமானால் ஆக்சிஜன் இன்றைய அளவில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிந்தைய பாறைகளில் அந்த அடையாளம் மறைந்துவிடுகிறது. காற்றில் ஆக்சிஜன் நுழைந்த காலத்துக்கு இதைவிடத் துல்லியமான குறி கிடையாது. கஞ்சமலை அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஆக்சிஜன் இல்லாத பக்கத்தில் நிற்கிறது.

இதுவரை எந்த வாயு என்று பார்த்தோம். மொத்தம் எவ்வளவு காற்று என்பது தனிக்கேள்வி, இதற்குக் கிடைத்த பதில்கள் எதிர்பாராதவை. தென்னாப்பிரிக்காவில் 270 கோடி ஆண்டுக்கு முன் எரிமலைச் சாம்பல்மேல் விழுந்த மழைத்துளிகளின் தடம் கல்லாகி இருக்கிறது. காற்று அடர்த்தியாக இருந்தால் துளி மெதுவாக விழும், பள்ளம் சிறிதாகும். அந்தப் பள்ளங்களை அளந்து, அன்றைய காற்றின் அடர்த்தி இன்றையதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியிருக்காது என்று 2012-இல் எழுதினார்கள். 2016-இல் அதே ஆராய்ச்சிக் குழுவினர் ஆஸ்திரேலியாவில் 274 கோடி ஆண்டு முந்தைய எரிமலைக்குழம்பை எடுத்தார்கள். கடல் மட்டத்தில் ஓடி உறைந்த குழம்பு. அதன் மேல்பகுதிக் குமிழ்களை அமுக்குவது காற்று மட்டும். அடிப்பகுதிக் குமிழ்களைக் காற்றோடு குழம்பின் எடையும் சேர்ந்து அமுக்கும். இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் காற்றின் அழுத்தம் கிடைத்துவிடும். வந்த விடை: இன்றைய அழுத்தத்தில் பாதிக்கும் கீழே.

ஏற்காட்டின் 1500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்ளும், சிலருக்குக் காது அடைக்கும், அவ்வளவுதான். பாதி அழுத்தம் வேண்டுமானால் இன்று ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு ஏற வேண்டும். அன்றைய கடற்கரையே அப்படி இருந்ததாம். இந்த முடிவைக் கொஞ்சம் தயங்கித்தான் ஏற்கிறேன். ஒரே இடத்துக் குழம்பு அது. அழுத்தம் அவ்வளவு குறைவு என்றால் நைட்ரஜனும் இன்றைவிடக் குறைவாக இருந்திருக்க வேண்டும். இன்னும் பழைய குவார்ட்ஸ் கற்களுக்குள் அடைபட்ட நீரை ஆராய்ந்தவர்கள், 350 முதல் 300 கோடி ஆண்டுக்கு முன் நைட்ரஜன் இன்றைய அளவை ஒட்டியோ அதைவிடக் குறைவாகவோ இருந்தது என்கிறார்கள். பல மடங்கு அதிகமாக இருந்து பூமியைச் சூடாக வைத்திருந்தது என்ற யோசனைக்கு இரண்டுமே இடம் தரவில்லை.

அந்தக் குவார்ட்ஸ் நீரிலேயே அளந்த இன்னொரு வாயு ஆர்கான். சேலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பட்டறையில் 'ஆர்கான் வெல்டிங் செய்யப்படும்' என்று போர்டு இருக்கும். எவர்சில்வர் கைப்பிடிக்கு இணைப்பு வைக்க அந்த வாயு இல்லாமல் ஆகாது. அதைக் காற்றிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள். காற்றில் கிட்டத்தட்ட ஒரு சதவீதம், கார்பன் டை ஆக்சைடைப் போல இருபது மடங்குக்கும் மேல். ஆனால் பூமி பிறந்தபோது இந்த ஆர்கான் காற்றில் அநேகமாக இல்லை. இன்றுள்ளதில் 99 சதவீதத்துக்கு மேல் ஆர்கான்-40, அது பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 சிதைந்து உண்டானது. பொட்டாசியம்-40 பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டு ஆகும், அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் ஆர்கானாகும். ஆர்கான்-36 மட்டும் தொடக்கத்திலிருந்தே இருப்பது. இன்று ஒரு ஆர்கான்-36 அணுவுக்கு 298 ஆர்கான்-40 அணுக்கள் இருக்கின்றன. 350 கோடி ஆண்டு பழைய அந்த நீரில் அளந்தபோது இந்த விகிதம் 143. மீதியை அதற்குப் பிறகு உலகத்துப் பாறைகளெல்லாம் சேர்ந்து கசியவிட்டன. சார்னகைட்டிலும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் உண்டு; சேர்வராயன் மலை தன் பங்கை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.